எல்லோரும் பார்த்த தாடி

வானிலை அலுவலகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவனால் ஒரு வாக்கியத்தைத் துணிந்து முடிக்க முடியாது. 'ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்' என்றே வாழ்ந்தவன் நான். கல்யாணமான புதிதில் மனைவி என்னிடம், தன்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். 'வாய்ப்பு இருக்கிறது' என்றேன். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இனி 'கூடும்' கிடையாது என்று முடிவெடுத்தேன். தூறினால் பிரளயம். காற்றடித்தால் மலை இரண்டடி நகர்ந்தது. ஆகவே நான் சொல்லப்போவதில் மழையின் அளவை நீங்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மழை பெய்தது என்னவோ உண்மை.

என் மனைவியின் தங்கை புகைப்படக்காரி. அவளுக்கு ஒரு குறை. அவள் முகம் யாருக்கும் நினைவில் நிற்காது. அழகில்லாத முகம் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வதற்கும் ஒருதரம் உற்றுப் பார்க்க வேண்டுமே. சோப்புப் போட்ட கையிலிருந்து டம்ளர் நழுவுவது போலப் பார்க்கிறவர் கண்ணிலிருந்து நழுவிவிடும் முகம் அது. அவள் கண்ணாடி முன் நின்றால், கண்ணாடியே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டும். பெரிய கடைகளின் தானியங்கிக் கதவு அவளுக்குத் திறக்காது. பின்னால் யாராவது வரும்வரை காத்திருந்து அவர்களோடு உள்ளே போவாள். எங்கே நின்றாலும் எதற்கோ வரிசையில் நிற்கிறவள் போலத் தோன்றுவாள். சில சமயம் அவள் பின்னால் உண்மையாகவே ஒரு வரிசை சேர்ந்துவிடும். என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமலே ஆட்கள் பொறுமையாக நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆனால் அவள் எடுத்த படங்கள் அப்படியில்லை. ஒரு கிழவர் நாற்காலியில் தூங்குகிற படம் ஒன்று. அதைப் பார்த்தால் நமக்குக் கொட்டாவி வரும். என் அலுவலகத்தில் அதை மாட்டி வைத்திருந்தேன். அந்த மாதம் இரண்டு புயல்கள் எங்களைத் தாண்டிப் போயின, யாரும் விழித்துப் பார்க்கவில்லை.

படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கூப்பிடுவார்கள். இவள் பழைய பருத்திச் சட்டையும் தட்டைச் செருப்பும் துணிப்பையுமாகப் போய் நிற்பாள். கையில் கேமரா இருக்கும். "யாரோட கேமராம்மா இது, பிடிச்சிட்டு நிக்கறீங்க?" என்பார்கள். நான்தான் எடுக்க வந்தவள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி தன் குழந்தையை இவள் இடுப்பில் ஏற்றிவிட்டு, மேக்கப்பைச் சரிசெய்யப் போய்விடுவாள். ஒரு பிறந்தநாள் விழாவில் முழுக்க முழுக்க இவள் கோட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றாள். மறுநாள் அந்த வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, போட்டோகிராபர் கடைசி வரை வரவேயில்லை என்று கோபித்துக்கொண்டார். வயிற்றுப்பாட்டுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே கேமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் இதற்குள் எப்படி வந்தேன் என்றால், அவளுக்குத் தோள் வலி. ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவுக்குக் கேமராவை நிறுத்தும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போனேன். எனக்கு அப்போது தாடி வளர்ந்திருந்தது. ஓய்வு பெற்றவன் முகத்தில் சும்மா ஒதுங்கிய வெண்மேகம். உயரமும் உண்டு, நிலைப்படிகள் என்னைப் பார்த்தால் தாமாகக் கொஞ்சம் நிமிரும். கடைக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் வேலையைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். நான் மச்சினியைப் பார்த்தேன். அவள் பைக்குள் தலையை விட்டு எதையோ தேடுவது போலக் குனிந்து, பல்லிடுக்கில் சொன்னாள்.

"ஆமான்னு சொல்லுங்க அத்தான். வெளிச்சம் போயிட்டிருக்கு."

ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் 'கூடும்' சேர்க்காமல் சொன்ன முதல் ஆமாம் அது. அதன் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

பிறகென்ன, எனக்கு ஒரு மேலங்கி வாங்கினோம், உடம்பெல்லாம் பைகள் தைத்தது. ஒரு பைக்குள் விட்ட கை மறுநாள்தான் திரும்பி வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள, செத்துப்போன ஒரு பழைய கேமரா கிடைத்தது. அதன் முன்னால் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ். அதற்குள் பூஞ்சை படர்ந்து ஒரு காடே வளர்ந்திருந்தது. காதை வைத்துக் கேட்டால் பறவைச் சத்தம் கேட்கும். நான் கூட்டத்துக்கு முன்னால் நிற்பேன். எல்லோரும் என்னைப் பார்த்து நிற்பார்கள். அவள் வலப்பக்கம் பூந்தொட்டிக்கோ தூணுக்கோ அருகில், தொட்டியோடு தொட்டியாக, தூணோடு தூணாக நின்று எடுப்பாள்.

எங்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. அவள் ஒருமுறை இருமினால் நான் பேசிக்கொண்டே போக வேண்டும். இரண்டுமுறை இருமினால் வாயை மூட வேண்டும். நான் என்ன பேசுவேன்? தெரிந்தது வானம் ஒன்றுதான். ஒருநாள் மேகம் ஒன்று எங்கள் அலுவலக ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேலதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது என்று ஆரம்பிப்பேன். மத்தியானம் வரை அதுதான் கையெழுத்துப் போட்டது என்பேன். எல்லோரும் அசையாமல் கேட்பார்கள். நான், "கடைசியில மேலதிகாரி திரும்பி வந்து அதைப் பாத்து..." என்று இழுக்கும்போது தூணுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு இருமல் வரும். சட்டென்று நிறுத்திவிடுவேன். மீதிக் கதைக்காகக் காத்திருக்கிற முகம் ஒன்று இருக்கிறதே, அது மனிதர்களுக்கு எப்போதாவதுதான் வரும். உதடு கொஞ்சம் பிரிந்திருக்கும். கண் அறையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஏதோ ஈரமான தூரத்தில் போய் நிற்கும். அந்த நொடியை அவள் எடுத்துக்கொள்வாள்.

ஊரில் அந்தப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். படத்தில் இருக்கிறவர்கள் கனவுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது, எதையோ தேடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். உங்கள் படங்களில் ஒரு ஏக்கம் இருக்கிறதே சார், எப்படி என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கடைசியில் லேசாகத் தூவுவேன் என்றேன்.

"ஊரே இவர் விடற கதையைக் கேட்டு வாயைப் பொளக்குது. அதை என் தங்கச்சி படம் புடிக்கறா," என்றாள் என் மனைவி. "நல்ல குடும்பத் தொழில்."

மச்சினியும் சிரித்தாள். ஒரு நிறுவனத்தார் நினைவுப் பரிசாக எங்களுக்கு ஒரு படத்தைச் சட்டமிட்டுக் கொடுத்திருந்தார்கள். நடுவில் நான், மார்பில் பீரங்கி. வலது ஓரத்தில் சட்டத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு முழங்கை. அதை அவள் தன் மேசையில் வைத்திருந்தாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"என் முழங்கை நல்லா வந்திருக்குல்ல அத்தான்?"

நானும் நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவள் அந்த முழங்கையை மட்டும் இன்னொரு தரம் துடைத்தாள்.

பிறகு கண் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

புதிய கட்டடம் கட்டியிருந்தார்கள். அதன் கூடத்துச் சுவர் முழுக்க, அங்கே வேலை பார்ப்பவர்களின் முகங்களை ஆளுயரத்துக்கு மாட்ட வேண்டுமாம். தலைமை மருத்துவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றார்கள். பார்த்தால் என் இடுப்புயரம் இருந்தார், குரல் பஞ்சு. துணிக்கடைப் படங்களை யார் வழியாகவோ பார்த்திருக்கிறார். மேசை விளக்கின் கீழ் அவற்றைப் பரப்பி வைத்திருந்தார். தாம் ரசித்ததாகச் சொன்னார். நான் தாடியைத் தடவிக்கொண்டேன். அறையின் வாசலில் யாரோ ஒரு டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மச்சினியின் கையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவள் அதோடு நின்றாள்.

பெரிய டாக்டர் கோடு போடும் ஓர் அடிக்குச்சியை எடுத்து ஒரு படத்தின் மேல் வைத்தார். கடைக்காரரின் கருவிழியிலிருந்து ஒரு கோடு. அடுத்த படத்தில் கடைக்காரரின் மகளின் கண்ணிலிருந்து ஒரு கோடு. இப்படியே ஒவ்வொன்றாக. கோடுகள் எல்லாம் மேசையின் மேல் ஒரே இடத்துக்குப் போயின. அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்தார். பிறகு எழுந்து என் முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குக் கண்ணைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது சார். இவங்க எல்லாரும் ஒரே ஆளைத்தான் பாக்கறாங்க. உயரமான ஆள். நீங்க." பஞ்சுக் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "உங்களையே பாத்துட்டு நிக்கறவங்களை, நீங்களே எப்படிப் பக்கவாட்டுல இருந்து எடுத்தீங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். இடி ஏன் இடிக்கவில்லை என்று கேட்ட அமைச்சருக்கே பதில் சொன்னவன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "வாய்ப்பு இருக்கிறது" மட்டும்தான்.

"எடுத்தது நான் டாக்டர்," என்றாள் மச்சினி.

பெரிய டாக்டர் திரும்பினார். "நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

"இவர்கூடத்தான் வந்தேன்."

நாங்கள் இத்தனை காலம் ஆடிய நாடகத்தை அவளே சுருக்கமாகச் சொன்னாள், இருமல் உட்பட. விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரிய டாக்டர் விரட்டவில்லை, படங்களை ஒன்றாக அடுக்கி அவளிடம் நீட்டினார். அழகான படங்கள், ஆனால் தமக்கு ஆகாது என்றார். அறுவை முடிந்து கட்டு அவிழ்த்ததும் நோயாளியை அந்தக் கூடத்துக்குத்தான் கூட்டி வருவார்களாம். பல நாள் மங்கலுக்குப் பிறகு அவர் முதலில் பார்ப்பது அந்தச் சுவர்.

"அப்போ சுவர்ல இருக்கற கண்ணு அவரைப் பாக்கணும். அவர் தோளுக்குப் பின்னால எங்கேயோ இல்ல. உங்களால அப்படி எடுக்க முடியுமா? வர்ற வாரம் வாங்க. தனியா வாங்க. ஒரு நாள் தர்றேன். சரியா வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

தனியா என்று சொல்லும்போது என் தாடியைப் பார்த்தார்.

திரும்பி வருகையில் மழை விட்டிருந்தது. சாலைக் குழிகளில் விளக்குகள் தலைகீழாக முளைத்திருந்தன. மச்சினி அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாள். பிறகு சொன்னாள்.

"இந்த வேலை எனக்கு வேணும் அத்தான். இது ஒண்ணை என் மூஞ்சியோட போய் நின்னு செஞ்சிட்டா, அப்புறம் வாழ்க்கையில தூணுக்குப் பக்கத்துல நிக்க வேண்டாம்." ஒரு குழியைத் தாண்டினாள். "ஆனா என் கண்ணை நேராப் பாத்தவங்க யாரு இருக்கா? அக்கா ஒருத்திதான். அதுவும் திட்டும்போது."

அக்கா இதைக் கேட்டதும் களத்தில் இறங்கினாள். "ஆள் பாதி, ஆடை பாதிம்பாங்க. உனக்கு ரெண்டு பாதியும் காணோம், நில்லு," என்றாள். பக்கத்து வீட்டு வக்கீலம்மாவின் நீளக் கறுப்புக் கோட்டு வந்தது. குதிகால் உயர்ந்த செருப்பு வந்தது. அதன் மேல் நின்றால் அடுத்த தெருவின் வானிலை தெரியும். பவர் இல்லாத மூக்குக்கண்ணாடியும் வந்தது. உதட்டில் என் மனைவி பூசிய சிவப்பைப் பார்த்து வாசலில் ஒரு கார் நின்றுவிட்டது. எல்லாம் முடிந்ததும் கூடத்தில் ஒரு பெண்மணி நின்றாள். நான் பதறி எழுந்து வணக்கம் சொன்னேன்.

ஒத்திகைக்காகக் கடைவீதிக்குப் போனோம். தானியங்கிக் கதவு அவளுக்குத் திறந்தது. திறந்தது மட்டுமா, மரியாதைக்காக மூடாமலேயே நின்றது. சலவைக்காரர், மருந்துக் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர் என்று யாரைக் கேட்டாலும் நின்றார்கள். நேராக லென்ஸைப் பார்த்தார்கள். யாரோட கேமரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் கன்னம் வெயில் பட்டது போல மலர்ந்திருந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் கணினியைத் திறந்து மூவரும் பார்த்தோம். எல்லாக் கண்களும் நேராகத்தான் பார்த்தன. ஆனால் டிக்கெட் எடுக்காமல் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டவர்களின் கண்கள் அவை. சலவைக்காரர் ஏற்கெனவே பாதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். மருந்துக் கடைக்காரருக்கு ஜாமீன் கிடைக்காது என்று தோன்றியது. செருப்பின் உயரத்தால் எல்லாமே மேலிருந்து எடுத்ததுபோல வந்திருந்தன. ஓட்டுநரின் வழுக்கை மட்டும் அற்புதமாக அமைந்திருந்தது, முழுநிலவு ஏரியில் விழுந்த மாதிரி.

என் மனைவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளுக்கே பிடிக்காத குரலில் சொன்னாள்.

"கோட்டைத்தான் பாத்திருக்காங்கடி. உன்னை இல்ல."

மச்சினி கோட்டைக் கழற்றினாள். மடிப்புக் கலையாமல் மடித்தாள். உதட்டைத் துடைத்தாள். செருப்பிலிருந்து இறங்கினாள். மேசை மேலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி, குறிப்பிட்ட நாளன்று நீங்கள் வரக்கூடாது என்று என்னிடம் சொன்னாள். சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் மாறுவேடம் போடுவது சுலபம். அங்கே எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தாடியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டு, செய்தித்தாளை விரித்துக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தேன். ஜன்னல்களில் திரை போட்டிருந்தார்கள். வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி தரையில் நின்றது. பெஞ்சுகளில் வரிசையாக ஆட்கள், தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடி. எல்லோருமாக உறக்கத்தில் எங்கோ பிரயாணம் போவது போலிருந்தது. சுவர் மட்டும் வெறுமையாக, வெள்ளையாக நின்றது.

மச்சினி வந்தாள். அதே பருத்திச் சட்டை, அதே துணிப்பை. வரவேற்பு மேசையில் போய்ப் படம் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெண் அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்து, போட்டோகிராபர் சார் வரட்டும், அதுவரை உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினாள். மச்சினி அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு நர்ஸ் சொட்டு மருந்துக் குப்பியோடு பெஞ்சு வழியாக வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொருவரிடமும் கேட்பது, போடுவது, நகர்வது. கடைசிக்கு வந்தாள்.

"சொட்டு போட்டாச்சாம்மா?"

"இல்ல," என்றாள் மச்சினி. உண்மைதானே.

"தலையைச் சாய்ங்க."

கருவிழியை விரிய வைக்கும் மருந்து அது. போட்டால் பல மணி நேரத்துக்குப் பார்வை மங்கும். நான் பாதி எழுந்துவிட்டேன். செய்தித்தாள் மடியிலிருந்து சரிந்தது. கை பொத்தானுக்குப் போயிற்று. தாடியை வெளியே எடுத்து, என் இடிக்குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடமே எழுந்து நிற்கும், மன்னிப்புக் கேட்கும், அவளுக்கு நாற்காலி போடும். அவள் தலையைச் சாய்த்திருந்தாள். சொட்டு விழுந்து, கண்களை இறுக்கி மூடியிருந்தாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது.

இருமினாள். இரண்டுமுறை.

நான் உட்கார்ந்தேன். நான் இருப்பது எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "எல்லாரும் பேப்பரைப் படிப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் வானிலைப் பக்கத்துக்குப் பதில் சொல்லிட்டே படிப்பீங்க," என்றாள்.

மற்றதெல்லாம் அவள் சொல்லிக் கேட்டது. கண்ணைத் திறந்தால் விளக்குகளுக்கெல்லாம் இறகு முளைத்திருந்ததாம். வெள்ளைக் கோட்டுகள் ஆளில்லாமல் மிதந்து போயின. சுவருக்கும் தரைக்கும் நடுவே இருந்த கோடு கரைந்துவிட்டது. யாரோ கையைப் பிடித்து ஒரு அறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே ஓர் இளம் டாக்டர் வந்து உட்கார்ந்தார். அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"பயப்படாதீங்க," என்றார் அவர். "என்னையே பாருங்க."

சொல்லிவிட்டு அவரும் பார்த்தார். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அந்நிய முகம் அவள் முகத்திலிருந்து நழுவாமல் நின்றது. அந்த மூட்டத்தில் வேறு எதுவும் தெரியவில்லை, இரண்டு கண்கள் மட்டும், ஏரிக்கு அந்தக் கரையில் ஏற்றிய விளக்குகள் மாதிரி மெதுவாகக் கிட்டே வந்தன. என்ன கஷ்டம் உனக்கு, சொல் என்று கேட்கிற கண்கள். கோட்டுக்கும் குதிகாலுக்கும் தாடிக்கும் கிடைக்காத பார்வை அது. உதவி கேட்டு வந்தவள் போலிருக்கிறாள் என்று ஊரெல்லாம் அவளைத் தள்ளிவைத்தது. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் உதவி கேட்டு வந்தவரின் கண்ணைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

"அப்படியே இருங்க டாக்டர்," என்று துணிப்பையிலிருந்து கேமராவை எடுத்தாள். கேமராவுக்குச் சொட்டு மருந்து போடவில்லையே, அது தானாகக் குறி பார்த்துக்கொண்டது.

டாக்டர் விழித்தார். அவள் தான் யாரென்று சொன்னாள். அவர் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, சுவரோரம் விறைப்பாக நின்று, ரெடி என்றார். அவள் வேண்டாம் என்றாள். உட்காருங்கள், சற்று முன் என்னைச் சோதித்தீர்களே, அதை முடியுங்கள் என்றாள். அவருக்கும் பாதியில் விட்டது உறுத்தியிருக்க வேண்டும். அவர் குனிந்து மறுபடி அவள் கண்ணுக்குள் பார்க்கத் தொடங்கினார். அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று பூராவும் அப்படித்தான். அறை அறையாகப் போய் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர் எதிரில் உட்கார்ந்து, எழுத்துகளைத் தப்புத் தப்பாக வாசித்தாள். கட்டு மாற்றுகிறவரிடம் வெறும் நெற்றியைக் காட்டினாள். சொட்டு போட்ட நர்ஸுக்கு விஷயம் தெரிந்து, முகம் வெளிறி, மன்னிப்புக் கேட்க ஓடி வந்தாள். மச்சினி அவளைத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். இன்னொரு தடவை கேளுங்க, சொட்டு போட்டாச்சான்னு."

நர்ஸ் கண் கலங்க, சிரிப்பும் வர, குனிந்து கேட்டாள். சுவரில் இன்றைக்கும் நடுநாயகமாக இருப்பது அந்தப் படம்தான்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் மேசை விளக்கின் கீழ் படங்களைப் பரப்பினார். இம்முறை என்னையும் அனுமதித்திருந்தார், பேசாமல் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடிக்குச்சியை எடுத்து முதல் படத்தின் கண் மேல் வைத்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் கோடு படத்தை விட்டு எழுந்து அவர் முகத்துக்கே வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே அந்தக் கண்ணுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். குச்சியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"சுவர் பெருசு," என்றார் மச்சினியிடம், அவள் கண்ணைப் பார்த்து. "இன்னும் நிறைய பேர் இருக்காங்க. எப்ப வர்றீங்க?"

தாடி இல்லாமல் வந்த முதல் வேலை அது. அதற்குப் பிறகு அவள் எங்கும் துணிப்பையோடும் பருத்திச் சட்டையோடும்தான் போகிறாள். போன இடத்தில் கேமராவை உடனே எடுப்பதில்லை. முதலில் அந்த ஆளுடைய தொழிலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தையல்காரரிடம் கையைத் தூக்கி அளவு கொடுக்கிறாள். வாத்தியாரிடம் கணக்குக் கேட்கிறாள். அவர்கள் அவளைப் பார்க்க ஆரம்பித்த பிறகு எடுக்கிறாள். என் மேலங்கி கொடியில் தொங்குகிறது. அதன் ஒரு பையில் குருவி முட்டையிட்டிருக்கிறது. குஞ்சுகள் பறக்கும்போது பார்த்தால் அவை குருவிகளே இல்லை, கழுகுகள். ஆனால் அது வேறு கதை.

எனக்கும் போன மாதம் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். நான் பலகாலமாக மங்கலை மூடுபனி என்று சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். "கண் கெட்ட பிறகுதான் உங்களுக்குச் சூரிய நமஸ்காரம்," என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கட்டை அவிழ்த்து, என்னை அந்தக் கூடத்துக்கு நடத்தி வந்தார்கள்.

பாலில் கரைந்த வெளிச்சம் மெல்லத் தெளிந்தது. அந்தத் தெளிவுக்குள்ளிருந்து கண்கள் வந்தன. ஒன்று, பிறகு பத்து, பிறகு சுவர் முழுக்க. எல்லாம் என்னையே பார்த்தன. என்னைப் பல காலம் ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் அவர்கள் மீதிக் கதைக்காகப் பார்த்தவர்கள். இவர்கள் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. என்ன கஷ்டம், சொல் என்று மட்டும் கேட்டார்கள். நான் நின்ற இடம் உண்மையில் அவள் உட்கார்ந்த இடம் என்று அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்கதானே அந்த போட்டோகிராபர்? தாடி?"

வெண்மேகம் சிலிர்த்தது. தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது. "இந்தப் படங்களை எடுக்கும்போது ஒருநாள், ஒரு இடிமேகம் லிஃப்டுல ஏறி நேரா மூணாவது மாடிக்கு வந்து..."

பின்னால் இருமல் கேட்டது. இரண்டுமுறை.

வாயை மூடித் திரும்பினேன். மச்சினி நின்றுகொண்டிருந்தாள். புதிதாகத் துடைத்த கண்ணால் அவளைப் பார்த்தேன். இடது தாடையில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது அவளுக்கு. இத்தனை வருஷம் மச்சினியாக இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

"நான் இல்லீங்க," என்றேன் பக்கத்துக்காரரிடம். "அவங்க."

"எவங்க?"

"அதோ, வரிசைக்கு முன்னாடி நிக்கறாங்களே."

அவர் பார்த்தார். அவள் பின்னால் அதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கேமராவைத் தூக்கினாள்.